உப்பைக் குறைத்தும் அப்பாவுக்குக் கால் வீங்குகிறதே?

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "அப்பாவுக்கு 64 வயது. ஹார்ட் ஃபெயிலியர் (இதயம் ரத்தத்தைப் போதுமான அளவு பம்ப் செய்ய முடியாத நிலை) என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். சமையலில் உப்பைக் குறைத்துவிட்டோம், ஆனாலும் கால் வீங்குகிறது. கருவாடு இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. என்ன செய்வது?"

முதலில் கருவாட்டை நிறுத்துங்கள். குழம்பில் உப்பைக் குறைத்துவிட்டுப் பக்கத்தில் கருவாடு வைத்தால் குறைத்ததற்கே அர்த்தமில்லை, எத்தனை முறை கழுவினாலும் சதைக்குள் ஏறிய உப்பு முழுசாகப் போகாது. துறைமுகம் பக்கத்திலேயே இருக்கிறது, பச்சை மீன் வாங்கிப் புளியும் மிளகும் தூக்கலாக வைத்துக் குழம்பு வையுங்கள். ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய் எல்லாவற்றிலும் இருப்பதையும் சேர்த்து ஒரு நாளுக்கு மொத்தமே 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன் உப்புதான். இந்துப்பு நல்லது என்று யாராவது சொல்வார்கள், அதுவும் அதே சோடியம்தான். சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதில் பொட்டாசியம் இருக்கும். இதய மாத்திரைகள் சிலவற்றோடு அது சேர்ந்தால் இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். இளநீரையும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

அடுத்து, ஒரு எடை மெஷின் வாங்குங்கள். காலையில் எழுந்து சிறுநீர் கழித்த பிறகு, டீ குடிக்கும் முன்னால், தினமும் ஒரே மாதிரி உடுப்போடு ஏறி நிற்கச் சொல்லி காலண்டரில் எழுதி வையுங்கள். 3 நாளில் 2 கிலோ ஏறினால் அது சதை இல்லை, உடம்பில் தங்கிய நீர். கால் வீங்குவதற்கு முன்பே மெஷின் காட்டிவிடும், அன்றைக்கே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். இப்போது இருக்கும் வீக்கத்தையும் இந்த வாரமே காட்டிவிடுங்கள், மாத்திரை அளவை மாற்ற வேண்டியிருக்கலாம்.

முழங்கால் வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வேண்டவே வேண்டாம். உப்பையும் நீரையும் உடம்பில் தங்க வைப்பதில் அவை கருவாட்டுக்குக் குறைந்தவை இல்லை. தண்ணீர் எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் மாறும், டாக்டர் சொன்ன அளவில் டீ, மோர், ரசம், கஞ்சி எல்லாமே அடக்கம்.

நடக்கலாமா? டாக்டர் சரி என்றால் தாராளமாக. சில்வர் பீச் போனால் மணலில் வேண்டாம், தார் ரோட்டிலேயே, பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில். மூச்சு வாங்கினால் உட்கார்ந்துவிட வேண்டும்.

படுத்தால் மூச்சு முட்டி ராத்திரி எழுந்து உட்கார்ந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, மயக்கம் வந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.