ஜெல் உறையட்டும், நீ வீட்டுக்குப் போ

களியக்காவிளையிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்தாள்: "திருவனந்தபுரம் பாப்பனங்கோட்டு ஆய்வகத்தில் ப்ராஜெக்ட் முடித்தேன். ஜெர்மனியில் ஒளிரும் பிளாட்டினம் ஜெல் ஆய்வுக்கு இடம் கிடைத்திருக்கிறது. ராத்திரி பகல் லேபிலேயே கிடக்கணுமா அக்கா? குளிர் தாங்குமா?" நானும் மார்த்தாண்டத்துக்காரிதான், இதே வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவள். அந்த உரிமையில் சொல்கிறேன்.

கிடக்க வேண்டாம். ஆபத்தான ரசாயன வேலையை ராத்திரியில் தனியாகச் செய்யப் பெரும்பாலும் விடவே மாட்டார்கள். உன் பொருளுக்கும் அது வேண்டியதில்லை. குப்பியைச் சூடாக்கிக் கரைத்து, மூடி வைத்துவிட்டுக் கிளம்பு. ஆற ஆற, அதிலுள்ள பிளாட்டினம் அணு கொண்ட தட்டையான மூலக்கூறுகள் தாமாகவே ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி இழையாகும். இழைகள் பின்னி வலையாகிக் கரைப்பானைப் பிடித்துக்கொள்ளும். ரப்பர் பாலில் ஆசிட் விட்டு உறைய வைப்பதை ஊரில் பார்த்திருப்பாய். அந்த ஷீட்டைத் திரும்பப் பாலாக்க முடியாது. இதைச் சூடாக்கினால் மறுபடி கரைசல்தான்.

வெளிச்சம் வருவதும் அந்த அடுக்கினால்தான். பக்கத்துப் பக்கத்து பிளாட்டினம் அணுக்கள் சுமார் 3.5 ஆங்ஸ்ட்ராமுக்குள் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) நெருங்கினால் எலக்ட்ரான் நிலைகள் கலந்து புது ஆற்றல் நிலை பிறக்கும். நீர்த்த கரைசலில் மங்கிக் கிடந்தது, ஜெல்லானதும் புற ஊதா விளக்கின் கீழ் ஆரஞ்சாக எரியும். 2011-இல் இங்கே மூன்ஸ்டர் நகரத்துக் குழு ஒன்று வெளியிட்ட பிளாட்டினம் ஜெல்லில் ஒளிர்திறன், அதாவது உள்வாங்கிய ஒளியில் திரும்ப ஒளிர்வதன் பங்கு, 90 சதவீதம் வரை போனது. எனக்கென்னவோ டோக்கியோவில் ஐடா குழு 2005-இல் காட்டிய தங்க ஜெல்மேல்தான் ஆசை. சும்மா இருந்தால் சிவப்பு, வெள்ளி அயனி சேர்த்தால் நீலம், அதைச் சூடாக்கிக் கரைத்தால் பச்சை!

ஒன்றை மட்டும் கவனி மக்ளே. ஆய்வுக் கட்டுரையில் 'அறை வெப்பநிலை' என்று போட்டிருப்பதை நம்பி விடாதே. ஏசி நின்றால் நம்ம ஊர் அறை 30 டிகிரி. இங்கே குளிர்காலத்தில் 20 இருந்தால் பெரிது. இங்கே கெட்டியாக நிற்கும் அதே கலவை அங்கே ஓடும். சீக்கிரம் ஆறினால் ஒரு மாதிரி இழை, மெதுவாக ஆறினால் வேறு மாதிரி, சில சமயம் படிகமே விழுந்துவிடும். நோட்டில் டிகிரியையும் ஆறிய நேரத்தையும் எழுது. குப்பியைக் கவிழ்த்து, ஒழுகவில்லை என்று காட்டிவிட்டு ஜெல் என்று சொன்னால் இங்கே யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். எவ்வளவு கெட்டி, எவ்வளவு ஓடும் என்று அளக்கிற ரியோமீட்டரில் போடச் சொல்வார்கள். அந்தக் கருவிக்கு வரிசை நீளம், வந்த முதல் வாரமே பயிற்சிக்குப் பெயர் கொடுத்துவிடு.

ஒப்பந்தத்தில் '65 சதவீத வேலை', அதாவது முழுச் சம்பளத்தில் அவ்வளவு பங்குதான், என்று இருந்தால் பயப்படாதே, பிஎச்டிக்கு அது சகஜம். ஆனால் உழைப்பு முழுசாகத்தான் இருக்கும். வீடு புகுந்ததும் 2 வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்.

குளிரை ஜாக்கெட் பார்த்துக்கொள்ளும். டிசம்பரில் நாலரைக்கே இருட்டுவதுதான் மனசைப் பிடிக்கும், அதனால் மதியம் கொஞ்ச நேரம் வெளியே நட. அப்புறம், ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. மரச்சீனி வேணும்னா சனிக்கிழமையே ஆப்பிரிக்கக் கடைக்குப் போய் வாங்கிவிடு.