போக்கர் ஆட்டக்காரரின் போக்கை அறிதல்: கேள்வி பதில்

கூட்டாளியோடு சேர்ந்து ஆடும் ‘முந்நூற்று நான்கு’ என்ற கடதாசி ஆட்டத்தில் பழகிய வன்னி உறுப்பினர்கள், டெக்சாஸ் ஹோல்டெம் போக்கர் பற்றிக் கேட்டவற்றுக்கான பதில்கள்.

மாங்குளம்: ஐயா, எதிரே இருப்பவர் எத்தகைய ஆட்டக்காரர் என்பதை எதை வைத்து அறிவது?

இரண்டே விடயங்களைக் கவனியுங்கள். பத்துக் கைகளில் (ஒவ்வொரு முறை கடதாசி பகிர்ந்து ஆடுவதும் ஒரு கை) எத்தனைக்கு அவர் விரும்பிப் பணம் போடுகிறார் என்பது ஒன்று. போடும்போது தொகையை உயர்த்துகிறாரா, மற்றவர் வைத்ததற்கு ஈடு மட்டும் கொடுக்கிறாரா என்பது மற்றொன்று. முந்நூற்று நான்கில் வந்த கடதாசி எவ்வளவு மோசமானாலும் கூட்டாளிக்காகக் கடைசிவரை ஆடியே ஆகவேண்டும் என்பதால், நம்மவர்களுக்குக் கையை மடித்து வைத்து விலகும் பழக்கம் எளிதில் வருவதில்லை. ஆனால் போக்கரில் முதல் இரண்டு கடதாசிகளும் ஒரு சோடியாக அமைவது 17 கைகளுக்கு ஒருமுறைதான். இரண்டும் ஆசாக வருவது 221 கைகளுக்கு ஒருமுறை. ஆகவே நிறைந்த மேசையில் பத்துக்கு எட்டுக் கை இறங்குபவரிடம் ஒவ்வொரு முறையும் நல்ல கடதாசி இருக்க வழியே இல்லை.

முல்லைத்தீவு: என் மச்சான் எதற்கும் கையை விடமாட்டார். நான் பிளஃப் செய்யும்போதெல்லாம், அதாவது நல்ல கை இருப்பதுபோல் காட்டிப் பந்தயம் வைக்கும்போதெல்லாம், தோற்கிறேன்.

அவரிடம் பிளஃப் செய்வதை நிறுத்திவிடுங்கள், தம்பி. நடுவில் உள்ள தொகையில் பாதியை வைத்து நீங்கள் பிளஃப் செய்தால், நட்டமின்றித் தப்புவதற்கே அவர் மூன்றில் ஒரு தடவையாவது கைவிடவேண்டும். உங்கள் மச்சானோ கைவிடாதவர். நல்ல கை வந்தபோது வழக்கத்தைவிடப் பெரிதாகப் பந்தயம் வையுங்கள், அதற்கும் அவர் ஈடு கொடுப்பார். எப்போதும் ஈடு மட்டும் கொடுக்கும் அவர் ஒருநாள் திடீரென்று உயர்த்தினால், தயங்காமல் நம்பி விலகுங்கள்.

2003 ஆம் ஆண்டு உலகப் போக்கர் தொடரின் பிரதான போட்டியில், இறுதி இருவராக எஞ்சிய நிலையில், கிறிஸ் மணிமேக்கர் கையில் ஒரு சோடிகூட இல்லாமல் தம்மிடமிருந்த முழுத் தொகையையும் வைத்தபோது, இரண்டு ஒன்பதுகள் சேர்ந்த சோடி வைத்திருந்த சாமி ஃபர்ஹா நெடுநேரம் யோசித்துக் கைவிட்டார். ஃபர்ஹா யோசிக்கத் தெரிந்த ஆட்டக்காரர் என்பதாலேயே அது பலித்தது. உங்கள் மச்சானாக இருந்திருந்தால் மணிமேக்கர் அந்தக் கையைத் தோற்றிருப்பார்.

வவுனியா: நல்ல கைக்காகக் காத்திருந்து ஆடுவதுதானே சிறந்தது?

தொடக்கத்தில் ஆம். ஆனால் நீங்கள் பந்தயம் வைத்தவுடன் எல்லாரும் எழுந்து தேநீர் குடிக்கப் போகிறார்கள் என்றால், உங்கள் கையை அவர்கள் படித்துவிட்டார்கள் என்று பொருள்; உங்கள் ஆசுச் சோடிக்கும் சில்லறைதான் கிடைக்கும். மற்ற எல்லாரும் தம் முடிவைச் சொன்னபின் உங்கள் முடிவைச் சொல்லும் இடம் வாய்க்கும்போது, சற்றுக் குறைந்த கைகளையும் உயர்த்தி ஆடிப் பாருங்கள்.

புதுக்குடியிருப்பு: வயல் காவல் கொட்டிலில் நாங்கள் மூவர், காசில்லாமல் புளியங்கொட்டை வைத்து ஆடுகிறோம். நீங்கள் சொல்லும் அடையாளங்கள் எங்களுக்கும் பொருந்துமா?

கொட்டை தீர்ந்தவுடன் சாக்கிலிருந்து இன்னொரு பிடி அள்ளிக்கொள்ள முடியுமானால் பொருந்தாது, ஏனெனில் இழப்பதற்கு ஒன்றும் இல்லாதவர் எவரும் எல்லாக் கைக்கும் இறங்குவார். ஆளுக்கு 100 கொட்டை எண்ணிக் கொடுத்து, தீர்ந்தவர் அன்றிரவு முழுவதும் தேநீர் வைத்து யானைவெடியையும் கவனிக்கவேண்டும் என்று விதி வையுங்கள். காசு தேவையே இல்லை, அரைமணி நேரத்தில் ஒவ்வொருவரின் இயல்பும் வெளிப்பட்டுவிடும். ஆள் தொகையும் முக்கியம். ஒன்பது பேர் மேசையில் ஐந்தில் ஒரு கை ஆடுபவரை நிதானமானவர் என்போம். மூவர் மட்டும் ஆடும்போது கடதாசி பார்க்குமுன்பே முறைப்படி வைக்கவேண்டிய கட்டாயப் பந்தயம் அடிக்கடி உங்களிடம் வந்துசேர்வதால், அதே அளவில் ஆடுபவர் காத்திருந்தே கொட்டைகளைக் கரைத்துவிடுவார். ஆகவே உங்கள் கொட்டிலில் பாதிக் கைகளுக்கு இறங்குபவரை அவசரக்காரர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.