டிராக்டர் ஓட்டத் தோள்பலம் எதற்கு?

கேள்வி: உழவு ஆணுக்கு, நடவு பெண்ணுக்கு என்று வயலில் வேலை பிரிந்ததற்கு உடல்வலிமைதான் காரணமா? (வாசகி, மன்னார்குடி)

தொடக்கத்தில் உடலுக்கும் பங்கு உண்டு. இன்றுவரை அது நீடிப்பதற்குக் காரணம் உடல் அல்ல.

ஆண், பெண் வலிமை வித்தியாசம் உடம்பு முழுக்க ஒரே அளவில் இல்லை. தோளிலும் கையிலும்தான் அதிகம். சராசரியாகப் பெண்ணின் மேலுடல் வலிமை ஆணுடையதில் 50 முதல் 60 சதவீதம். கால்களில் இடைவெளி குறைவு. மாட்டு ஏருக்கு வேண்டியது அந்தத் தோள்தான். மேழியை (ஏரின் கைப்பிடி) அழுத்திப் பிடிக்காவிட்டால் கொழு (ஏரின் இரும்பு முனை) மண்ணில் இறங்காமல் மேலாக வழுக்கும். வரப்போரம் திரும்பும்போது ஏரைத் தூக்கித் திருப்பவேண்டும். பிள்ளை அழுதால் பாதிச் சாலில் விட்டுவிட்டு வரவும் முடியாது. மண்வெட்டி வேலையை எப்போதும் நிறுத்தலாம்.

மண்வெட்டியால் கொத்திப் பயிரிட்ட ஆப்பிரிக்கப் பகுதிகளில் பெண்ணே முக்கிய விவசாயி, ஏர் உழுத ஆசியப் பகுதிகளில் ஆண் என்று டென்மார்க் பொருளியலாளர் எஸ்தர் போசரப் 1970இல் எழுதினார். ஏர் உழுதோரின் வழிவந்த சமூகங்களில் பெண்கள் வேலைக்குப் போவது இன்றும் குறைவு என்று அலெசினா, ஜூலியானோ, நன் என்ற பொருளியலாளர்கள் மூவரும் 2013இல் கண்டார்கள். வேறு நாட்டில் குடியேறியவர்களின் பிள்ளைகளிடமும் அது தெரிந்தது. அந்தப் பிள்ளைகள் ஏரைத் தொட்டே இருக்கமாட்டார்கள்.

நம் வயலுக்கு வருவோம். டிராக்டரில் ஹைட்ராலிக் நெம்புகோலை ஒரு கையால் தள்ளினால் கலப்பை இறங்கிவிடும். ஆனாலும் ஓட்டுவது பெரும்பாலும் ஆண்தான். கையால் களை பறித்தவரை அது பெண் வேலை. தள்ளிக்கொண்டே களையெடுக்கும் கோனோவீடர் கருவி வந்ததும் பல ஊர்களில் ஆண் வேலையாகிவிட்டது. சேற்றில் இடுப்பை வளைத்தபடி பின்னோக்கி நகர்ந்து, குத்துக்கு இரண்டு மூன்று நாற்றாக நாள் முழுக்க நடுவதை 'லேசான வேலை' என்பது அநியாயம். 1976ஆம் ஆண்டுச் சம ஊதியச் சட்டம் கேட்டது ஒரேமாதிரி வேலைக்குச் சம கூலி. வேலையையே இரண்டாகப் பிரித்துப் பெயர் வைத்துவிட்டால் அந்தச் சட்டத்துக்குப் பிடி கிடைக்கவில்லை.

கேள்வி: சொத்து பெண்ணிடம் வந்தால் அதிகாரமும் வந்துவிடுமா? (வாசகர், திண்டுக்கல்)

தானாக வராது. மேகாலயாவின் காசி மக்களிடம் குலம் தாய்வழி. பூர்விக வீடு கடைசி மகளுக்கு. ஆனால் அந்தச் சொத்து விஷயத்தில் தாய்மாமன் சொல்லுக்குத்தான் எடை, ஊர் தர்பாரில் (ஊர்ச்சபையில்) காலங்காலமாக உட்கார்ந்ததும் ஆண்களே.

அதற்காகச் சொத்து வேண்டாம் என்றாகாது. இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு என்று தமிழ்நாடு 1989இலும் மத்திய அரசு 2005இலும் சட்டம் திருத்தின. பங்கைப் பத்திரத்தில் எழுதியதோடு நிற்காமல் பட்டாவையும் உங்கள் வீட்டுப் பெண் பெயருக்கு மாற்றுங்கள். வேளாண் கருவி மானியம் பெண் விவசாயிக்கு 50 சதவீதம் வரை உண்டு. ஆனால் விண்ணப்பத்தில் கேட்பது அவர் பெயரில் உள்ள சிட்டாவை.