கல்லூரி உள்ளரங்குக்கு மனை தேடுகிறீர்களா? வாசகர் கேள்வி – பதில்

வடசென்னையில் ஒரு கல்லூரியின் முன்னாள் மாணவர் சங்கம், கல்லூரிக்கு உள்விளையாட்டு அரங்கம் கட்டித்தர இடம் தேடிக்கொண்டிருக்கிறது. சங்கத்தார் அனுப்பிய கேள்விகளோடு, இதே விஷயத்தில் மற்ற வாசகர்கள் கேட்டவற்றையும் சேர்த்திருக்கிறோம். கட்டுமானப் பொறியாளர், நகரமைப்பு ஆலோசகர், நில ஆவணங்களைப் பார்க்கும் வழக்கறிஞர் ஆகியோர் அடங்கிய எங்கள் குழு பதில் அளிக்கிறது.

புதுவண்ணாரப்பேட்டையில் 8 கிரவுண்டு (ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி) மனை வந்திருக்கிறது. 60 அடி அகலம், 320 அடி நீளம். கூடைப்பந்து, வாலிபால், பேட்மின்டன், பாக்சிங் எல்லாம் ஒரே அரங்கில் வேண்டும். இந்த இடம் போதுமா?

போதாது. பரப்பைவிட அகலம்தான் இங்கே சிக்கல். கூடைப்பந்துத் தளம் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். சுற்றிலும் 2 மீட்டர் காலியாக விட்டால் 32க்கு 19. உங்கள் மனையின் 60 அடி என்பது 18.3 மீட்டர். சுவரும் எழுப்பாமல், பக்கத்தில் காலி இடமும் விடாமல் கட்டினால்கூட தளம் உள்ளே அடங்காது. பழைய வடசென்னை மனைகள் பலவும் இப்படித்தான், முகப்பு ஒடுங்கி, உள்ளே நீண்டு போகும். கிடங்குக்குச் சரி, அரங்கத்துக்கு உதவாது.

கணக்கை உள்ளிருந்து வெளியே போடுங்கள். 32க்கு 19 மீட்டர் தளம். இரண்டு பக்கமும் 3 வரிசை இருக்கை (ஒரு வரிசைக்கு 80 செ.மீ.) வைத்து நடைபாதையும் விட்டால் அகலம் ஏறக்குறைய 27 மீட்டர். உடைமாற்றும் அறை, கழிப்பறை, சாமான் அறை எல்லாம் ஒரு முனையில் 8 மீட்டரில் அடங்கும் என்றால் நீளம் 40. இந்தக் கட்டடத்தைச் சுற்றித் தீயணைப்பு வண்டி வர 6 மீட்டர் விட்டால் மனை 39க்கு 52 மீட்டர், அதாவது 9 கிரவுண்டுக்குச் சற்றுக் கூடுதல். 8 கிரவுண்டுக்கும் 9 கிரவுண்டுக்கும் பெரிய தூரம் இல்லைதான். ஆனால் அந்த 9 கிரவுண்டின் அகலம் 39 மீட்டர், உங்களுடையது 18.

இதே தளத்தில் வாலிபால் (18க்கு 9, சுற்றி 3 மீட்டர்) தாராளமாக அமையும். பேட்மின்டன் தளங்கள் குறுக்குவாட்டில் மூன்று வசதியாக வரும், நெருக்கினால் நான்கு. பாக்சிங் வளையம் கயிற்றுக்குள் 6.1 மீட்டர் சதுரம். அதை நடுத்தளத்தில் வைத்து ஒவ்வொரு நாளும் கழற்றி மாட்டாதீர்கள், 10 மீட்டர் சதுரத்தில் தனி அறை ஒதுக்குங்கள்.

ஹேண்ட்பாலும் வேண்டும், ஆயிரம் பேர் உட்கார வேண்டும் என்றால் கணக்கே வேறு. 40க்கு 20 தளம், ஓரங்களோடு 44க்கு 22. பக்கத்துக்கு 6 வரிசை வைத்தால் 950 பேர் வரை உட்காரலாம். கட்டடம் 34க்கு 52 ஆகும். முன்னால் வண்டி நிறுத்த 15 மீட்டர் சேர்த்தால் மனை 46க்கு 79 மீட்டர், 16 கிரவுண்டுக்கு மேல். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. மனை 3,000 சதுர மீட்டரைத் தாண்டினால், 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒப்படைக்க வேண்டும். 10,000 சதுர மீட்டர் வரை நிலத்துக்குப் பதில் வழிகாட்டி மதிப்பில் பணம் கட்ட வழி உண்டு. 3,600 சதுர மீட்டர் மனைக்கு இது 360 சதுர மீட்டர் வரை, அதாவது ஒன்றரை கிரவுண்டு விலை வரை போகலாம். பட்ஜெட் போடும்போதே இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பக்கிங்ஹாம் கால்வாய் ஓரம் ஒரு இடம் பாதி விலைக்குக் கிடைக்கிறது. தாழ்வான இடம்தான். மண் கொட்டி மேடாக்கிவிடலாம் என்கிறார் புரோக்கர். செய்யலாமா?

புரோக்கர் மண்ணுக்கு விலை சொன்னாரா? மேலே சொன்ன 3,600 சதுர மீட்டர் மனையை 1 மீட்டர் உயர்த்த, கெட்டிப்படுத்தும்போது அமுங்குவதையும் சேர்த்தால் சுமார் 4,500 கன மீட்டர் கிராவல் வேண்டும். 1,600 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). 6 யூனிட் டிப்பர் என்றால் 265 நடைக்கு மேல். பாதி விலையில் மிச்சப்படுத்தியதில் பெரும் பங்கு அங்கேயே போய்விடும்.

பணத்தைவிடத் தொல்லை தருவது அடியில் இருக்கும் மண். கால்வாயை ஒட்டிய இடங்களில் மேலே மணலும் கீழே இளகிய களிமண்ணும் மாறி மாறி வரும். 1 மீட்டர் கிராவல் கொட்டினால் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஏறக்குறைய 2 டன் பாரம் ஏறுகிறது. களிமண் அதை உடனே காட்டிக்கொடுக்காது, வருடக்கணக்கில் மெல்ல மெல்ல இறங்கும். தூண்கள் பைலில் (ஆழத்தில் துளைத்து இறக்கும் அஸ்திவாரத் தூண்களில்) நிற்பதால் இறங்காது, தளம் மட்டும் இறங்கும். கூடைப்பந்துத் தளத்தில் 1 செ.மீ. பள்ளம் விழுந்தாலே பந்து எகிறுவது மாறிவிடும். நீங்கள் மேடாக்கினால் பக்கத்து வீடுகளுக்குத் தண்ணீர் போகும். முதல் மழையிலேயே தெருவே உங்கள் வாசலில் வந்து நிற்கும், நியாயமும் அவர்கள் பக்கம்தான் இருக்கும்.

இடம் வேறு வகையில் நன்றாக இருந்தால் மண் கொட்டுவதை விட்டுவிட்டு, தூண்கள் மேல் அரங்கத்தை ஏற்றுங்கள். கீழே 3 மீட்டர் உயரத்தில் வண்டி நிறுத்தம், மேலே தளம். தளத்துக்கு மேல் 9 மீட்டர், கூரைச் சட்டம் 2.5 மீட்டர் என்று கூட்டினாலும் 15 மீட்டர் சுற்றித்தான் வரும். 18.30 மீட்டரைத் தாண்டினால் உயர்மாடிக் கட்டடம் என்ற வகைக்குள் போய்விடுவீர்கள். அந்த எல்லைக்குள் நிற்பது நல்லது.

எவ்வளவு உயரம் வேண்டும் என்பதை அக்கம்பக்கத்துச் சுவர்களைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் விட்டுப்போன கறை இன்னும் பல காம்பவுண்டுச் சுவர்களில் இருக்கிறது. மின்வாரியப் பெட்டியை எந்த உயரத்துக்கு மாற்றி மாட்டியிருக்கிறார்கள் என்றும் பாருங்கள். அந்த அடையாளத்துக்கு மேல் குறைந்தது 60 செ.மீ. உயரத்தில் தளம் வர வேண்டும். மரத்தளம் போட்டிருந்தால் ஒரே ஒரு முறை தண்ணீர் புகுந்தாலும் பலகை உப்பிவிடும், பிறகு இழைத்தும் சரிசெய்ய முடியாது. வெள்ள அபாயம் குறித்து நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று தேவைப்படும். அவர்கள் தளமட்டம் இவ்வளவு இருக்க வேண்டும் என்று எழுதித் தருவார்கள். அதை வாங்கிய பிறகு வரைபடம் போடுங்கள். வரைபடம் போட்டுவிட்டுச் சான்றுக்குப் போகிறவர்கள் எல்லாவற்றையும் இரண்டாம் முறை வரைய வேண்டியிருக்கும்.

எண்ணூர் பக்கம் போனால் இன்னொரு விதியும் சேரும். கடலோர ஒழுங்குமுறை மண்டலம் கடற்கரையில் உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை போகிறது, அலை ஏறி இறங்கும் கழிமுகக் கரைகளுக்கும் பொருந்தும். மனையின் சர்வே எண்ணை அதற்கான வரைபடத்தில் வைத்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

மணலி, மாதவரம் பக்கம் நிலம் பெரிதாகக் கிடைக்கிறது. காற்று மாசு என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். உள்ளரங்கம்தானே, கதவை மூடிக்கொள்ளலாம் அல்லவா?

மூடினால் குளிர்சாதன வசதி வேண்டும். 9 மீட்டர் உயரக் கூடத்துக்கு அந்த மின்கட்டணத்தைக் கல்லூரி மாதாமாதம் கட்டுமா என்று முதலில் கேளுங்கள். கட்டாது என்றால் ஜன்னல் வழிக் காற்றுதான். அப்படியானால் காற்று எந்த நேரத்தில் எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி. மாணவர்கள் பயிற்சி எடுப்பது மாலை 4 முதல் 7 வரை. அந்த நேரத்தில் பெரும்பாலும் கிழக்கிலிருந்து கடற்காற்று அடிக்கும். ஆகவே ஆலைகளுக்கும் கொடுங்கையூர் குப்பைக் கிடங்குக்கும் மேற்கே இருக்கும் மனைகளில் மாலைப் பயிற்சி சிரமம். கோடையில் காலை நேரத்து மேற்குக் காற்றில் நிலைமை தலைகீழாகும், அப்போது கிழக்குப் பக்கம் நாற்றம் வரும். இடத்தைப் பகல் 12 மணிக்குக் காரில் வந்து பார்த்துவிட்டுப் போகாதீர்கள். மாலை 5 மணிக்கு அரை மணி நேரம் நின்று பாருங்கள். ஓடி விளையாடுகிறவர் இழுக்கும் மூச்சு, உட்கார்ந்திருப்பவரைப்போலப் பல மடங்கு.

2023 டிசம்பரில் எண்ணூரில் அம்மோனியா கசிந்து மக்கள் நள்ளிரவில் வீட்டை விட்டு ஓடினார்கள். ஆயிரம் பேர் கூடும் அரங்கத்துக்கு இரண்டு எதிரெதிர்த் திசைகளில் வெளியேறும் சாலை இருக்க வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான். முட்டுச்சந்தில் இருக்கும் மனை எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

மாதவரம், புழல் பக்கம் பார்க்கும்போது, சென்னைப் பெருநகர் இரண்டாம் முழுமைத் திட்டத்தில் செங்குன்றம் நீர்ப்பிடிப்புப் பகுதி என்று குறித்திருக்கிறார்களா என்றும் பார்த்துவிடுங்கள். அதற்குள் இருந்தால் கட்டுப்பாடுகள் அதிகம்.

கோயில் நிலம் குத்தகைக்குக் கிடைக்கும் என்கிறார்கள். திருவொற்றியூர்ப் பக்கம். வாங்குவதைவிட லாபம்தானே?

முதலில் காசு குறைவு, உண்மை. ஆனால் 1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34ஆவது பிரிவின்படி, 5 ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு ஆணையரின் அனுமதி வேண்டும். கோயிலுக்கு அதனால் நன்மை என்று காட்டவும் வேண்டும். நிர்வாக அதிகாரி கையெழுத்துப் போட்ட தாளை வைத்துக்கொண்டு பல கோடியில் கட்டடம் எழுப்புவது விஷப்பரீட்சை. அரங்கம் 30, 40 ஆண்டு நிற்கும். குத்தகையும் அத்தனை ஆண்டுக்கு எழுதி, பதிவு செய்திருக்க வேண்டும். வாடகை எப்போது, எந்த அளவில் ஏறும், முடிவில் கட்டடம் யாருக்கு என்பதும் பத்திரத்தில் இருக்க வேண்டும். இவை கிடைக்காவிட்டால் ஏற்கெனவே இருக்கும் கல்லூரி வளாகத்தில் சிறிய அரங்கமாகக் கட்டிக்கொள்ளுங்கள். எங்கள் அபிப்பிராயத்தில் பல கல்லூரிகளுக்கு அதுவே முதல் தேர்வாக இருக்க வேண்டும்.

மூடிக்கிடக்கும் பழைய ஆலை மனை ஒன்றைப் பேசியிருக்கிறோம். பட்டா சுத்தம். வேறென்ன பார்க்க வேண்டும்?

பட்டா சுத்தமாக இருக்கலாம், மண் சுத்தமா? சாயம், பெயின்ட், எண்ணெய், தோல் வேலை நடந்த இடமா என்று கேளுங்கள். 4, 5 இடங்களில் 1 மீட்டர், 2 மீட்டர் ஆழத்து மண்ணும், நிலத்தடி நீரும் எடுத்து, கன உலோகங்களுக்கும் எண்ணெய்க் கழிவுக்கும் ஆய்வுக்கூடத்தில் சோதிக்க வேண்டும். குரோமியம், ஈயம் ஏறியிருந்தால் மேல்மண்ணை வெட்டி, முறைப்படி அப்புறப்படுத்தும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். பழைய இயந்திர அஸ்திவாரங்களும் நிலத்தடித் தொட்டிகளும் புதைந்திருக்கும். பைல் துளைக்கும் வண்டி அவற்றில் மோதி நிற்கும்போதுதான் தெரியவரும்.

தொழிற்சாலை வகைப்பாட்டில் இருக்கும் மனை என்றால், நிறுவன உபயோகத்துக்கு வகைமாற்றம் செய்ய சிஎம்டிஏவில் (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். விற்பவர் “அதெல்லாம் ஆகிவிடும்” என்பார். ஆனால் ஒப்பந்தத்தில், வகைமாற்றம் கிடைத்த பிறகே கிரயம், கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்ப வரும் என்று ஒரு வரி எழுதச் சொல்லிப் பாருங்கள். அப்போது அவர் முகம் எப்படிப் போகிறது என்று கவனியுங்கள்.

மண் பரிசோதனை, கூரை இரண்டிலும் செலவைக் குறைக்க வழி இருக்கிறதா?

பரிசோதனையில் குறைக்காதீர்கள். நான்கு மூலையும் நடுவும் என்று 5 துளை, ஒவ்வொன்றும் 15 முதல் 20 மீட்டர் ஆழம். காசிமேடு, ராயபுரம் கரையோரத்தில் தளர்ந்த மணலும் மேலேயே நிற்கும் தண்ணீரும் சேர்ந்திருக்கும். சென்னை நிலநடுக்க மண்டலம் 3இல் இருப்பதால் அந்த மணல் குலுங்கும்போது இளகுமா என்று பொறியாளர் அறிக்கையில் எழுத வேண்டும்.

கூரைக்குத் தகடு போதும், கான்கிரீட் தேவையில்லை. ஆனால் சென்னைக்கான அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர். 34 மீட்டர் அகலத் தகட்டுக் கூரையைப் புயல் அழுத்துவதைவிட மேலே இழுப்பதுதான் அதிகம். அதனால் அஸ்திவாரம் பாரத்தைத் தாங்குவதோடு தூண்களைக் கீழே பிடித்து நிறுத்தவும் வேண்டும். புயல் காலத்தில் அரங்கம் நிவாரண முகாமாகும் என்றால் வடிவமைப்பில் முக்கியத்துவக் கெழு (காற்று வேகத்தைக் கூட்டிக் கணக்கிடும் பெருக்கெண்) 1.30 வைத்துக் கணக்கிடச் சொல்லுங்கள். கடலிலிருந்து சில கிலோமீட்டருக்குள் சாதாரண துத்தநாகத் தகடு சீக்கிரம் அரிக்கும். அலுமினியம்–துத்தநாகப் பூச்சு சதுர மீட்டருக்கு 150 கிராம் உள்ள தகடு கேளுங்கள், திருகாணிகள் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். தகட்டைப் பார்த்துப் பார்த்து வாங்கிவிட்டு மலிவான திருகாணி போட்டால், துரு அங்கேதான் முதலில் தொடங்கும்.

பேட்மின்டன் சர்வதேசப் போட்டிக்கு 12 மீட்டர் உயரம் கேட்கிறார்கள். கல்லூரிக்கு 9 போதும். அளவை உத்தரத்தின், விளக்கின் அடிப்பக்கத்திலிருந்து எடுங்கள்.

சர் தியாகராய கல்லூரி மெட்ரோ நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் ஒரு மனை. நல்லதுதானே?

மாணவர்களுக்கு மிக நல்லது. 2021இல் விம்கோ நகர் வரை பாதை வந்த பிறகு, இரவு 8 மணிக்கு ஆட்டம் முடித்துப் பெண்கள் வீட்டுக்குப் போவதும் எளிதாகிவிட்டது. ஒன்று மட்டும் கவனியுங்கள். அங்கேயும் தண்டையார்பேட்டையிலும் ரயில் பூமிக்கு அடியில் போகிறது. சுரங்கத்துக்கு அருகில் பைல் போட மெட்ரோ நிறுவனத்தின் அனுமதி வேண்டும்.

பேருந்தில் வரும் வெளியூர் அணிகளுக்குச் சாலை குறைந்தது 12 மீட்டர் இருக்கட்டும். கண்ணளவில் பார்க்காமல் வருவாய்த் துறைப் பதிவில் உள்ள அகலத்தைப் பாருங்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி வரிசை, வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் மழைத் தண்ணீர், இரண்டையும் தவிர்க்கும் மாற்றுவழி இருக்கிறதா என்று மாலை நேரத்தில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

முன்பணம் கொடுக்கும் முன் கையில் என்னென்ன தாள் இருக்க வேண்டும்?

மூலப்பத்திரம், 30 ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா, நகர நில அளவைப் பதிவேட்டின் நகல், புல வரைபடம். சங்கிலி பிடித்து அளந்தது புல வரைபடத்தோடு ஒத்துப்போக வேண்டும். பழைய வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டையில் பத்திரத்தில் ஒரு அளவு, பதிவேட்டில் ஒரு அளவு, தரையில் ஒரு அளவு என்பது சகஜம். மூன்றில் சிறியதை வைத்து விலை பேசுங்கள். முகப்பில் சாலை விரிவாக்கக் கோடு ஓடுகிறதா என்று சிஎம்டிஏவில் கேட்டு, ஓடினால் அந்தப் பட்டையை அகலக் கணக்கிலிருந்து இப்போதே கழித்துவிட்டு 39 மீட்டர் மிஞ்சுகிறதா என்று பாருங்கள்.