பதில்: காலையில் மெஷின் லீக், தினமும் திட்டு

சிஸ்டர், கிருஷ்ணகிரி ஆபரேஷன் தியேட்டரில் தினமும் அனஸ்தீசியா (மயக்க மருந்து) மெஷின் லீக் டெஸ்ட் ஃபெயிலாகி, டாக்டரிடம் திட்டு வாங்கி வேலையே வெறுத்துப்போச்சு என்று எழுதியிருந்தீங்க.

முதல் சந்தேகம் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் சோடா லைம் டப்பாதான். அதன் கேஸ்கட்டில் (ரப்பர் வளையம்) ஒரே ஒரு சோடா லைம் மணி ஒட்டியிருந்தாலும் கசியும். கையுறை போட்டு விளிம்பைத் துடைச்சு மாட்டுங்க. அடுத்த சந்தேகம், மானிட்டருக்குப் போகும் கேஸ் சாம்பிள் குழாயின் முனை.

டெஸ்ட் செய்ய, கேஸ் ஃப்ளோவை எல்லாம் பூஜ்யமாக்கி, ஏபிஎல் வால்வை (அதிக அழுத்தத்தை வெளியே விடும் வால்வு) மூடி, நோயாளி பக்கத்து ஒய் முனையை அடைச்சு, ஆக்சிஜன் ஃப்ளஷில் 30 செ.மீ. நீர் அழுத்தம் ஏத்துங்க. 10 விநாடி அழுத்தமானியின் முள் இறங்கக்கூடாது. செக் வால்வு (வாயுவைத் திரும்பிப் போகவிடாத வால்வு) உள்ள பழைய மெஷினில் வேப்பரைசர் (மயக்க மருந்தை ஆவியாக்கும் பகுதி) கசிவு இதில் சிக்காது. அதுக்கு சக்‌ஷன் பல்ப் (அமுக்கி உறிஞ்சும் ரப்பர் பல்ப்) வேணும், வேப்பரைசரைத் திறந்து வெச்சும் பார்க்கணும்.

ரிசல்ட்டை நேரத்தோட ரெஜிஸ்டரில் எழுதி டாக்டரிடம் கையெழுத்து வாங்குங்க. பாதித் திட்டு அதிலேயே நிற்கும். மீதி சர்வீஸ் இன்ஜினியருக்குப் போக வேண்டியது.