எறும்புக்குச் சீனி வியாதி வருமா?

கவுனி அரிசி இனிப்பை எறும்பு மொய்க்கிறது. இவ்வளவு சீனி தின்னும் எறும்புக்குச் சர்க்கரை நோய் வராதா?
– வாசகி, காரைக்குடி

நம் ரத்தத்தில் ஓடுவது குளுக்கோஸ். பெரும்பாலான பூச்சிகளின் ரத்தத்தில் முதன்மைச் சர்க்கரை ட்ரெஹலோஸ். பட்டுப்பூச்சி இனங்களில் அதை வயட், கால்ஃப் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1957-இல் காட்டினார்கள். குடலிலிருந்து வரும் குளுக்கோஸைக் கொழுப்புத் திசு உடனே இரண்டிரண்டாகக் கோத்து ட்ரெஹலோஸ் ஆக்கிவிடும். ரத்தத்தில் குளுக்கோஸ் குறைவாகவே இருப்பதால் குடலிலிருந்து மேலும் மேலும் இறங்கிக்கொண்டிருக்கும். தசைக்கு வேண்டும்போது ட்ரெஹலேஸ் என்ற நொதி அதை மறுபடி உடைக்கும்.

நமக்கு வெறும் வயிற்றில் 100 மில்லி ரத்தத்தில் குளுக்கோஸ் 100 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். பூச்சிகளில் ட்ரெஹலோஸ் 170 முதல் 1,700 வரை சாதாரணம்! குளுக்கோஸ் புரதங்களில் ஒட்டிக் கெடுக்கும். ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரிப் பரிசோதனையில் (HbA1c) பார்ப்பது அந்த ஒட்டலைத்தான். ட்ரெஹலோஸின் வினைபுரியும் முனைகள் இரண்டும் பிணைப்பில் அடைபட்டிருப்பதால் அப்படி ஒட்டாது. அதற்காகப் பூச்சிக்கு இன்சுலின் கோளாறே வராது என்றில்லை. பழ ஈயின் மூளையில் இன்சுலின் போன்றதைச் சுரக்கும் செல்களை 2002-இல் அழித்துப் பார்த்தபோது, ரத்தச் சர்க்கரை ஏறியது, வளர்ச்சியும் குன்றியது.

வீட்டிலுள்ள குளுக்கோமீட்டரில் கரப்பான் ரத்தத்தை அளக்கலாமா?
– மாணவர், தேவகோட்டை

எண் வந்தாலும் நம்பாதீர்கள். சோதனைப் பட்டையிலுள்ள நொதி ட்ரெஹலோஸைக் கண்டுகொள்ளாது. பள்ளி ஆய்வகத்தில் சர்க்கரையைச் சோதிக்கும் பெனடிக்ட் கரைசலும் அப்படித்தான். ஆய்வகத்தில் முதலில் குளுக்கோஸை அளந்து, ட்ரெஹலேஸ் சேர்த்து உடைத்தபின் மீண்டும் அளந்து, வித்தியாசத்தைக் கணக்கிடுவார்கள்.

ஐப்பசி மழையில் தேனீக்கள் பெட்டி வாசலில் பறக்க முடியாமல் ஊர்கின்றன. வெல்லப்பாகு வைக்கலாமா?
– வாசகர், கானாடுகாத்தான்

வெல்லமும் கருப்பட்டியும் வேண்டாம். அவற்றிலுள்ள தாது உப்புகளால் தேனீக்குக் கழிச்சல் காணும். பெட்டியைத் தூக்கிப் பாருங்கள். லேசாக இருந்து, அடையின் அறைகளுக்குள் தலையை விட்டபடி தேனீக்கள் செத்திருந்தால் பட்டினிதான். தேனீ பறப்பதற்குச் சர்க்கரையையே நம்பியிருக்கிறது. வெட்டுக்கிளி மாதிரி பாதி வழியில் கொழுப்புக்கு மாற அதனால் ஆகாது. தேன்பையும் ரத்தமும் வற்றினால் இறக்கை நின்றுவிடும்.

இந்தியத் தேனீப் பெட்டிக்கு வாரம் 200 கிராம் வெள்ளைச் சீனி, அதே அளவு தண்ணீர். தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கியபிறகே சீனியைப் போடுங்கள். அடுப்பில் வைத்துக் கருகவிட்டால் தேனீக்கு நஞ்சாகும். ஆறியதும், அந்தி சாய்ந்தபின், பெட்டிக்குள்ளேயே வையுங்கள். மூழ்காமலிருக்கக் குச்சிகளை மிதக்கவிடுங்கள். வெளியே சிந்தினால் பக்கத்துக் கூட்டுத் தேனீக்கள் கொள்ளையடிக்க வந்துவிடும். புளித்த கரைசலைக் கொட்டிவிடுங்கள். பூ வரத்து தொடங்கியதும் ஊட்டுவதை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் தேனில் சீனி கலந்துவிடும்.