பையை எடுத்த பிறகு மார்பு எப்படி இருக்கும்?

வாசகியர் கேள்வி, மருத்துவக் குழு பதில்

சுங்கை சிப்புட் டவுனிலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்த கடிதங்களில் சில, ஆபரேஷன் செய்து மார்பில் வைத்த சிலிக்கான் பையை (இம்பிளாண்ட்) எடுப்பது பற்றியவை. எல்லாரும் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கான பதில்களை இந்த இதழில் சேர்த்தே தருகிறோம்.

வயது 41. இரண்டு பிள்ளைகள். 12 வருஷத்துக்கு முன்பு கோலாலம்பூரில் 325 சிசி (மில்லி) பை வைத்துக்கொண்டேன். இப்போது எடுத்துவிட முடிவு செய்துவிட்டேன். பழைய மார்பு திரும்ப வருமா, காற்றுப்போன பலூன் மாதிரி தொங்குமா? கண்ணாடியை நினைத்தே நாளைக் கடத்துகிறேன்.

இரண்டும் இல்லை. 12 வருஷத்துக்கு முந்தைய மார்பு, பை வைக்காமலே இருந்திருந்தாலும், இன்று அப்படியே இருந்திருக்காது. வயது, எடை, பிள்ளைப்பேறு எல்லாம் அதில் கை வைத்திருக்கும். பையின் பாரம் அந்தக் கணக்கில் இன்னொரு வரி. ஒரு கப் அளவு என்பது ஏறக்குறைய 150 முதல் 200 சிசி. அப்படிப் பார்த்தால் உங்களுக்கு ஒன்றரை முதல் இரண்டு கப் குறையும்.

மிச்சம் இருப்பது எப்படித் தெரியும் என்பதை முக்கியமாக மூன்று விஷயங்கள் முடிவு செய்கின்றன. முதலாவது, உங்கள் சொந்தச் சதை எவ்வளவு என்பது. மார்பின் மேல்பகுதியை விரலால் கிள்ளிப் பிடித்துப் பாருங்கள். 2 செ.மீ.க்கு மேல் தடிப்பு கையில் வந்தால் நல்லது. பையின் விளிம்பே விரலில் தட்டினால், எடுத்த பின் அந்த இடம் குழியாகத் தெரியும். இரண்டாவது, சருமத்தின் இழுவை. வயிற்றில் பிரசவக் கோடுகள் அதிகம் உள்ளவர்களுக்கும், புகைப்பவர்களுக்கும், எடை ஏறி இறங்கியவர்களுக்கும் தோல் அவ்வளவாகச் சுருங்காது. மூன்றாவது, பை மார்புத் தசைக்கு மேலா கீழா என்பது. மேலே இருந்தால் சுரப்பிச் சதைதான் நேரடியாக நசுங்கியிருக்கும். கீழே இருந்தால் சதைக்கு அவ்வளவு சேதம் இல்லை, ஆனால் தசை மறுபடி விலாவோடு ஒட்ட வேண்டும்.

இனி நாள் கணக்கு. முதல் சில நாள் பார்க்கையில் ‘பரவாயில்லையே, நிறையத்தான் இருக்கிறது’ என்று தோன்றும். அது வீக்கம், நம்ப வேண்டாம். 2 வாரத்தில் வீக்கம் வடியத் தொடங்கும்போதுதான் மேல்பகுதி பள்ளமாகும், தோல் சுருங்கிக் கோடு விழும், காம்பு கீழே பார்க்கும். 2ஆம் வாரத்திலிருந்து 6ஆம் வாரம் வரைதான் பார்க்க மோசமான காலம். கவலையோடு டாக்டருக்குப் போன் போகும் காலமும் அதுதான். பிறகு மெல்ல மாறும். பையின் மேல் ரொட்டி சானாய் மாவு போல வீசி விரிக்கப்பட்டிருந்த சதை, அடியிலிருந்த பாரம் போனதும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரண்டு கூடும். 3 மாதத்தில் வடிவம் பிடிபடும், 6 மாதத்தில் பெரும்பகுதி நிலைக்கும். தழும்பு மட்டும் நிறம் மங்க 12 முதல் 18 மாதம் எடுக்கும்.

பலரும் எதிர்பார்க்காத ஒன்று உண்டு. பை வைப்பதற்கு முன் இரண்டு மார்புக்கும் இருந்த சிறு வித்தியாசம் மறுபடி வெளியே வரும். டாக்டர் ஒரு பக்கம் சரியாகச் செய்யவில்லை என்று அதைப் பார்த்துக் கோபப்படுகிறவர்கள் உண்டு. பழைய போட்டோ இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நீண்ட நாள் அழுத்தியதில் விலா எலும்பே சிலருக்கு லேசாக உள்வாங்கியிருக்கும். நாளடைவில் அது ஓரளவு சரியாகலாம், முழுக்கச் சரியாகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பையை எடுக்கும்போதே மார்பைத் தூக்கித் தைக்கும் ஆபரேஷனையும் சேர்த்துச் செய்துவிடலாம் என்கிறார்கள். சேர்த்துச் செய்யலாமா, பிறகு பார்க்கலாமா?

நேராக நின்று, மார்பின் அடிமடிப்பையும் காம்பையும் ஒப்பிட்டுப் பாருங்கள். காம்பு அடிமடிப்புக்கு மேலே இருந்தால், அவசரம் வேண்டாம். 3 முதல் 6 மாதம் விட்டுப் பார்த்தால் பலருக்குத் தூக்கித் தைக்கும் தேவையே இருக்காது. அடிமடிப்புக்குக் கீழே இறங்கிவிட்டது, தோலும் தளர்ந்திருக்கிறது என்றால் தானாக ஏறிவராது. அவர்களுக்குச் சேர்த்துச் செய்வதில் அர்த்தம் உண்டு: ஒரே மயக்க மருந்து, ஒரே எம்சி (மருத்துவ விடுப்பு).

ஆனால் விலை வேறு விதத்தில் இருக்கிறது. தழும்பு கூடும். காம்பைச் சுற்றி ஒரு வட்டம், அங்கிருந்து கீழே ஒரு கோடு, பல நேரம் அடிமடிப்போடு இன்னொரு கோடு. அதைவிட முக்கியம் ரத்த ஓட்டம். பையும், அதைச் சுற்றி உடம்பே கட்டிய உறையும் போன பிறகு சதை மெலிந்திருக்கும். அதையே மறுபடி அறுத்துத் தூக்கினால் காம்புக்குப் போகும் ரத்தம் குறைந்து, தோல் கறுத்து உதிர்ந்துபோகும் ஆபத்து உண்டு. புகைப்பவர்களுக்கு இது இன்னும் அதிகம். ஆபரேஷனுக்கு முன் குறைந்தது 4 வாரம், பின் 4 வாரம் நிறுத்த வேண்டும். வேப் (மின்சிகரெட்) என்றாலும் நிக்கோட்டின் நிக்கோட்டின்தான்.

உள்ளே இருப்பது உப்புநீர்ப் பை என்றால் ஒரு வசதி உண்டு. ஆபரேஷனுக்குச் சில வாரம் முன்பே, மரத்துப்போகும் ஊசி போட்டு, பையிலுள்ள நீரை ஊசியால் உறிஞ்சி எடுத்துவிடலாம். தோல் எவ்வளவு சுருங்குகிறது என்று பார்த்துவிட்டுத் தூக்கித் தைப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம். சிலிக்கான் ஜெல்லுக்கு இந்த வழி கிடையாது.

மேல்பகுதிப் பள்ளம் மட்டும்தான் குறை என்றால், வயிற்றிலோ தொடையிலோ எடுத்த கொழுப்பை அங்கே ஏற்றலாம். ஏற்றியது எல்லாம் தங்காது. பாதியோ சற்று அதிகமோ நிற்கும், மீதி உடம்பு உறிஞ்சிவிடும். அதனால் இரண்டாவது தடவை தேவைப்படலாம். உயிர் பிடிக்காத கொழுப்பு சிலருக்குக் கட்டியாகக் கையில் தட்டும். பெரும்பாலும் கெடுதல் இல்லை, ஆனாலும் ஸ்கேன் எடுத்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

உறையோடு சேர்த்து ஒரே துண்டாக எடுக்காவிட்டால் விஷம் உடம்பில் தங்கிவிடும் என்று டிக்டாக்கில் பார்த்தேன். உண்மையா?

அந்நியப் பொருள் எதை வைத்தாலும் உடம்பு அதைச் சுற்றி ஒரு சவ்வுச் சுவர் கட்டும். அதுதான் உறை. அது உங்கள் சொந்தத் திசு, விஷம் இல்லை. மெல்லியதாக, மிருதுவாக இருந்தால் அப்படியே விட்டாலும் கெடுதல் இல்லை. பை கிழிந்து ஜெல் கசிந்திருந்தாலோ, உறை கெட்டியாகிச் சுண்ணாம்பு படிந்திருந்தாலோ எடுப்பது நல்லது. பிரிக்காமல் முழு உறையோடு எடுத்தே ஆக வேண்டும் என்பது, உறையில் வரும் ஒரு அரிய வகை நிணநீர்ப் புற்றுநோய்க்கு. சொரசொரப்பான மேற்பரப்புள்ள பைகளோடுதான் அந்த நோய் பெரும்பாலும் தொடர்புடையது. 2019 ஜூலையில் அல்லர்கன் நிறுவனத்தின் பயோசெல் வகைப் பைகள் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது அதனால்தான். உங்களுடையது எந்த வகை என்பது, பை வைத்தபோது கொடுத்த சிறு அட்டையில் இருக்கும். அட்டை தொலைந்திருந்தால் ஆபரேஷன் செய்த மருத்துவமனையிடம் பதிவேட்டு நகல் கேளுங்கள். நோயின் வழக்கமான அறிகுறி, பை வைத்துப் பல வருஷம் கழித்து ஒரு மார்பு மட்டும் நீர் கோத்து வீங்குவது.

தேவையில்லாமல் உறை முழுவதையும் எடுக்கச் சொல்லிக் கேட்பதில் தோற்றத்துக்கே நஷ்டம் உண்டு. பையை மட்டும் எடுக்க 4 முதல் 5 செ.மீ. கீறல் போதும், உறையையும் எடுக்க அது நீளும். உறையோடு ஒட்டிய சொந்தச் சதையும் போய் மார்பு இன்னும் மெலியும். தசைக்கு அடியில் உள்ள உறையின் பின்சுவர் விலாவோடு ஒட்டியிருக்கும். அதைப் பிய்த்தெடுக்கையில் நுரையீரல் உறையில் ஓட்டை விழுவதும் அரிதாக நடக்கிறது. ‘என் உறையை ஏன் எடுக்கிறீர்கள், எவ்வளவு எடுக்கிறீர்கள்?’ என்று டாக்டரிடம் கேளுங்கள். எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்புவார்களா என்றும் கேளுங்கள். அவர் பிளாஸ்டிக் சர்ஜன்தானா என்பதைத் தேசிய நிபுணர் பதிவேட்டில் இணையத்திலேயே பார்த்துவிடலாம்.

தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறேன் (ரப்பர் பால் எடுக்கும் வேலை). எத்தனை நாள் வேலைக்குப் போகக்கூடாது? எங்கள் வீட்டில் எல்லாருக்கும் காயம் ஆறினால் தழும்பு தடித்துப்போகும்.

கத்தி இழுப்பது மார்புத் தசையின் வேலை. பால் வாளி தூக்குவதும் அப்படித்தான். முதல் 2 வாரம் 2 கிலோவுக்கு மேல் தூக்க வேண்டாம், 6 வாரம் வரை 5 கிலோவுக்கு மேல் வேண்டாம். மரம் வெட்டுவது 6 வாரத்துக்குப் பிறகு. பை தசைக்கு அடியில் இருந்திருந்தால் 8 வார எம்சி கேட்பது பாதுகாப்பு. 2 வார எம்சியோடு திரும்பி, தையல் விட்டுப்போய், நீர் கோத்துக்கொள்பவர்கள் உண்டு. அதற்காகக் கையை அசைக்காமலே இருக்கவும் கூடாது, தோள் இறுகிவிடும். மறுநாளிலிருந்தே தோள் உயரம் வரை மெதுவாக உயர்த்தலாம். தோட்டத்து மண்சாலையில் மோட்டார் சைக்கிள் 4 வாரத்துக்கு வேண்டாம்.

காயத்து நீர் வடிய டியூப் வைத்து அனுப்பினால் காலையும் மாலையும் எவ்வளவு வடிந்தது என்று மில்லியில் நோட்டில் எழுதுங்கள். 24 மணி நேரத்தில் 30 மில்லிக்குக் கீழே இறங்கினால்தான் பொதுவாக எடுப்பார்கள். முன்பக்கம் ஹூக் வைத்த இறுக்கமான பிரா 4 முதல் 6 வாரம், இரவும் பகலும். நம் வெயிலுக்கு ஒன்று போதாது, மூன்று வாங்கி வியர்த்ததும் மாற்றுங்கள். நனைந்த பிராவின் கீழ் அடிமடிப்புத் தையல் ஊறிப்போகும். ஒரு பக்கம் திடீரென்று வீங்கிக் கல்லாக இறுகி வலித்தால், அதிலும் முதல் 2 நாளில், உள்ளே ரத்தம் கட்டுகிறது என்று அர்த்தம். விடியட்டும் என்று காத்திருக்காமல் ஈப்போ மருத்துவமனைக்குப் புறப்பட்டுவிடுங்கள். 38 டிகிரிக் காய்ச்சல், பரவும் சிவப்பு, சீழ் என்றாலும் அப்படியே.

தழும்புக்கு: இடது கையில் பிள்ளையில் போட்ட பிசிஜி ஊசித் தழும்பைப் பாருங்கள். அது தடித்து மேடாக, பளபளப்பாக இருந்தால் ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் காட்டுங்கள். காயம் முழுக்க மூடிய பிறகு, சுமார் 3ஆம் வாரத்திலிருந்து, சிலிக்கான் ஜெல் தாளை நாளுக்கு 12 மணி நேரத்துக்குக் குறையாமல் 3 மாதம் ஒட்டுங்கள். அப்படியும் மேடாகி அரித்தால், 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை தழும்புக்குள் ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். ஆறாத தையலில் மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் வேண்டாம். பாட்டி கேட்டால் நாங்கள் சொன்னதாகச் சொல்லுங்கள்.

என் அக்காவுக்குப் புற்றுநோயில் ஒரு மார்பை எடுத்துவிட்டுப் பை வைத்தார்கள். ரேடியேஷனுக்குப் பிறகு அது இறுகிவிட்டது, எடுக்க வேண்டும் என்கிறார்கள். பிறகு எப்படி இருக்கும்?

மேலே எழுதியது அவருக்குப் பொருந்தாது. அவர் மார்பில் சொந்தச் சதை இல்லை, பைதான் மார்பு. எடுத்தால் அந்தப் பக்கம் தட்டையாகும். வெறுமனே எடுத்து மூடினால் மிஞ்சிய தோல் சுருங்கி மடியும், அக்குள் ஓரத்தில் மூட்டை போல நிற்கும். ‘தட்டையாக, சீராகத் தைத்து முடியுங்கள்’ என்று முன்பே சொன்னால் அதற்கேற்ப அறுத்துத் தைப்பார்கள். மறுபடி மார்பு வேண்டும் என்றால், ரேடியேஷன் பட்ட தோலுக்குப் புதுப் பையைவிட முதுகிலோ வயிற்றிலோ எடுத்த சொந்தச் சதைதான் நன்றாக நிற்கும். இரண்டும் வேண்டாம் என்றால் பிராவுக்குள் வைக்கும் செயற்கை மார்பு உண்டு. அதன் எடை மறுபக்கத்தோடு சமமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் தோளும் கழுத்தும் வலிக்கும். இது புற்றுநோய் சிகிச்சையின் தொடர்ச்சி என்பதால், அரசு மருத்துவமனையில் அவரைப் பார்க்கும் அதே பிரிவில் கேட்கலாம்.

எனக்குப் பை இல்லை. மார்பைப் பெரிதாக்க சலூனில் ஊசியில்தான் ஏற்றினார்கள். அதையும் எடுக்கலாமா?

முழுதாக எடுக்க முடியாது. ஊசியில் ஏற்றியது பைக்குள் அடங்கி இருப்பதில்லை, சதைக்குள் பரவிக் கலந்திருக்கும். கட்டியான இடத்தை வெட்டி எடுக்கையில் சொந்தச் சதையும் சேர்ந்து போகும், பள்ளம் விழும். முதலில் எம்ஆர்ஐ எடுத்து எங்கெங்கே பரவியிருக்கிறது என்று பாருங்கள். கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார கிளினிக்) வெட்கப்படாமல் உள்ளதைச் சொல்லிப் பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள். மேமோகிராம் எடுப்பவரிடமும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் படத்தில் அது புற்றுக்கட்டி போலத் தெரியும், அல்லது உண்மையான கட்டியை மறைத்துவிடும்.